உப்பு இருக்கா?

கறிக்கடையின் கதவு நிலையில் அந்த வெட்டு இன்னும் இருக்கிறது. ஒரு பெண்ணின் காது இருக்கும் உயரத்தில், விரல் நுழையும் ஆழத்துக்கு. கடைக்கு எத்தனையோ முறை பெயிண்ட் அடித்தாயிற்று. வெட்டு மட்டும் மூடவில்லை.

எறிந்தது தாத்தா. எலும்பு வெட்டும் பெரிய கத்தி. சனிக்கிழமை காலை, கடை நிறைய ஆள். பாட்டி யாரோ ஒரு வாடிக்கையாளரோடு சிரித்துப் பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை. வெட்டுக்கட்டையில் குத்தி நின்ற கத்தியைப் பிடுங்கி அவள் தலையைப் பார்த்து வீசினார். அது அவள் முடியை உரசிக்கொண்டு போய் நிலையில் இறங்கி நடுங்கியது. பாட்டி திரும்பினாள். இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிக் கத்தியைப் பிடுங்கினாள், துணியில் துடைத்தாள், கட்டையில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு நின்றிருந்தவர்களைப் பார்த்துக் கேட்டாள்:

"அடுத்து யாரு?"

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த மதியம், வீட்டு முன்னால் போட்ட பெஞ்சுகளில் இந்தக் கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் சொல்லும்போதும் கத்தி காதுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போனது.

"காதுல ரத்தமே வந்துச்சு."

"சும்மா அளக்காதீங்க. நீங்க அங்க இருந்தீங்களா?"

"இருந்தேனாவா? நான்தான்யா அடுத்து! எலும்பு வாங்க வந்தவன், எலும்பே வேணாம்னு ஓடிப்போனேன்."

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. உள்ளே சமையலறையில் நின்று பெரிய பாத்திரத்தில் சூப் கிண்டிக்கொண்டிருந்த பேத்திக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலாவில் வலித்தது. நிறுத்திக்கொண்டாள்.

பாட்டிக்குத் தெருவில் வைத்த பெயர் 'கூட்டம்'. "கூட்டம் வருது, நகருங்க" என்பார்கள், அவள் ஒற்றை ஆளாக வரும்போதே. வழியில் நாலு பேரைப் பிடித்து வைத்துக் கதை பேசாமல் பால் வாங்கப் போனதில்லை. ஆலயத்தில் ஒரு ஆராதனை விட்டதில்லை. பாடகர் குழுவில் சுருதி சேராமல், ஆனால் எல்லோரையும் அமுக்கிவிடும் குரலில் பாடினாள். முன்பின் தெரியாதவர் கல்யாணத்துக்கும் போவாள், சாவுக்கும் போவாள்.

"செத்தவரை உனக்குத் தெரியவே தெரியாதே பாட்டி" என்று பேத்தி ஒரு தடவை கேட்டாள்.

"அவருக்கும்தான் என்னைத் தெரியாது. கணக்கு சரியாப் போச்சு."

ஒரு ஞாயிறு போதகர் உப்பைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் செய்தார். முன் பெஞ்சில் பாட்டியும் அவள் சிநேகிதிகளும் தோள் குலுங்கச் சிரித்துத் தீர்த்தார்கள். தன் பேச்சில் நகைச்சுவை ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்ட போதகர் மறு வருஷமும் அதையே பிரசங்கித்தார். மறுபடியும் சிரித்தார்கள்.

இத்தனைக்கும் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது அவள் வாயே திறக்க மாட்டாளாம். வந்த மாதமே முதல் அடி விழுந்தது, சாப்பாடு ஆறிவிட்டது என்று. அடுத்த அடி, சாப்பாடு வாயைச் சுட்டுவிட்டது என்று. தாத்தாவின் கை முழுப் பன்றியைத் தனியாகத் தூக்கிக் கொக்கியில் மாட்டும் கை. அது முகத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைத் தெரு பார்த்திருக்கிறது. வீங்கிய கண்ணோடு கடையில் நின்று கறி நிறுத்துப் போடுவாள். கேட்டால், மாடிப்படியில் விழுந்தேன் என்பாள்.

தாத்தா கை ஓங்குவது ஒருநாள் நின்றது. கொக்கி கழன்று, தொங்கிக்கொண்டிருந்த கறி தோளில் விழுந்துவிட்டது என்றுதான் வீட்டில் சொல்லும் கதை. அதற்குப் பிறகு அவருக்கு வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. கத்தி பாட்டியின் கைக்கு மாறியது. அவள் வெட்டினாள், அவர் இடது கையால் பொட்டலம் கட்டினார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் வெகுகாலம் அவள்தான் கடை. பிறகு பெரிய மாமா.

பேத்திக்கு வேலை எக்ஸ்ரே அறையில். அதனால் தெருவுக்கு அவள் 'எக்ஸ்ரே'. அம்மா சின்ன வயதிலேயே போய்விட, பாட்டிதான் வளர்த்தாள். வயதான பிறகு ஒருநாள் ஆலயத்துப் படியில் சறுக்கிய பாட்டியை அவளே படுக்க வைத்து இடுப்பு, நெஞ்சு, கை எல்லாம் படம் எடுத்தாள். இடுப்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் மேலே விலா எலும்புகள் ஒட்டுப் போட்ட கூடைபோல் கோணல்மாணலாகக் கூடியிருந்தன. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் ஒரு பழைய முறிவு. விழுந்தவர்களுக்கு அந்த இடத்தில் முறியாது. தலையைக் காப்பாற்றக் கையைத் தூக்குகிறவர்களுக்குத்தான் அங்கே முறியும். எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கும் யாருக்கும் அது தெரியும்.

"கை எப்ப உடைஞ்சது பாட்டி?"

"மாடிப்படியில விழுந்தேன்."

"நம்ம வீட்ல மாடியே இல்லையே."

"அதான் விழுந்துட்டேன்."

வெளியே காத்திருந்தவர்கள் வரை சிரித்தார்கள். பாட்டி அவர்களோடு பேசப் போய்விட்டாள்.

போன வருஷம் பேத்தி அதே மேஜையில் தன் கையை வைத்தாள். கூட வேலை பார்ப்பவளிடம் குளியலறையில் வழுக்கிவிட்டது என்று சொல்லியிருந்தாள். படம் வந்தது. அதே எலும்பு. அதே இடம். கூட வேலை பார்ப்பவள் படத்தைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள், "வழுக்காத செருப்பா வாங்கு" என்று மட்டும் சொன்னாள்.

பேத்தியின் கணவன் கார் விற்பவன். கை குலுக்கினால் எதிராளிக்குத் தன் சொந்தத் தம்பி கிடைத்த மாதிரி இருக்கும். காலையில் பாட்டியின் சவப்பெட்டியை முன்னால் நின்று தோளில் தூக்கியதும் அவன்தான், கல்லறையில் பேத்தியின் முழங்கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவன்தான். பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அவன் கட்டைவிரல் நேற்று கன்றிப்போன இடத்தைத் தேடிப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. "சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்று அவள் காதில் சொன்னான். போன தடவை 'பேசிக்கொண்டபோது' விலா போனது. இந்தத் தடவை என்ன போகும் என்று சூப் கிண்டிக்கொண்டே அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டி இருக்கும்வரை இங்கே வர ஒரு சாக்கு இருந்தது. இனி அதுவும் இல்லை. காலையில் வாய்விட்டுக் கேட்டுப் பார்த்தாள்.

"மாமா, நான் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டுமா?"

"எதுக்குமா? மாப்பிள்ளை என்ன நினைப்பாரு? பெட்டிய எப்படித் தூக்கினாரு பாத்தியா! அப்படி ஒரு மனுஷன் கிடைக்க நீ கொடுத்து வெச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு மாமா நாற்காலி எடுக்கப் போய்விட்டார்.

பாட்டியிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் வந்தாள். ஆனால் கணவனோடு வாசலில் கால் வைத்தால் போதும், பாட்டி தெருவையே வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவாள். தையல்காரம்மா, இஸ்திரிக்காரம்மா, டீச்சர் மூவரும், இவர்கள் கிளம்பும்வரை கிளம்ப மாட்டார்கள். தனியாக ஒரு நிமிஷம் கிடைக்காது. போனில் பேசலாம் என்றால் அவன் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?" என்பாள் பாட்டி முதல் வேலையாக.

"ஆமா பாட்டி."

"சரி, சரி. மாப்பிள்ளை நல்லா இருக்கீங்களா?" ஊர்க்கதை முழுக்கப் பேசிவிட்டுக் கடைசியில் தவறாமல் அதே கேள்வி. "வீட்ல உப்பு இருக்கா கண்ணு?"

"இருக்கு பாட்டி."

"இல்லைன்னா சொல்லு. கூச்சப்படாதே."

"நிறைய இருக்கு பாட்டி, வை."

போனை வைத்ததும் கணவன் சிரிப்பான். "உங்க பாட்டிக்கு உப்புப் பைத்தியம்டி." அது உண்மைதான் என்று அவளும் நினைத்தாள். பாட்டியின் சமையலறையில் பரண்வரை உப்பு ஜாடிகள் இருந்தன. இறுகிக் கல்லாகிப்போன உப்பு. நேற்று அத்தை வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அத்தனையையும் சாக்கடையில் கொட்டிவிட்டாள். "ஒரு படைக்கு ஆகும், இதை வெச்சு என்ன பண்ணாங்களோ" என்றாள்.

ஆகவே இப்போது சூப் கொதிக்கிறது, வெளியே அறுபது வாய்க்கு மேல் காத்திருக்கிறது, வீட்டில் ஒரு கல் உப்பு இல்லை.

பேத்தி பின்கதவைத் திறந்தாள். குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்திரிக்காரம்மாவின் வீடு. வயதானவர்கள் காலை நீட்ட அங்கே போயிருந்தார்கள். பாட்டி செய்வது போலவே சுவரில் கையூன்றி எக்கினாள்.

"உப்பு இருக்கா?"

அந்தப் பக்கம் பேச்சு பட்டென்று அறுந்தது. ஒரு தட்டு விழுந்து உருண்டது. "கேட்டுட்டாடி!" என்று யாரோ கத்தினார்கள். செருப்புச் சத்தம், கதவுச் சத்தம். அவள் உள்ளே திரும்பி அடுப்புக்கு வருவதற்குள் மூன்று கிழவிகள் சமையலறைக்குள் புகுந்துவிட்டார்கள். முதலில் இஸ்திரிக்காரம்மா, ஒரு கையில் கிண்ணம் நிறைய உப்பு, மறு கையில் இஸ்திரிப் பெட்டி. அவளுக்குப் பின்னால் தையல்காரம்மா, கைத்தடியும் மூடிய முஷ்டியுமாக. கடைசியில் டீச்சர், மூச்சு வாங்க, சாப்பாட்டு மேஜையில் வைக்கும் குட்டி உப்பு டப்பாவோடு.

"எங்கடி அவன்?" என்றாள் தையல்காரம்மா.

"யாரு பாட்டி?"

"உன் புருஷன்!"

"வெளியில பேசிட்டிருக்காரு. நான் சூப்புக்கு..."

மூன்று பேரும் சூப்பைப் பார்த்தார்கள். டீச்சர் கரண்டியை எடுத்து ஒரு வாய் வைத்துப் பார்த்தாள்.

"நிஜமாவே உப்பு இல்லடி" என்றாள் மற்றவர்களிடம். பேத்தியிடம் திரும்பினாள். "உப்புக்கா உப்பு கேட்ட?"

"வேற எதுக்குக் கேப்பாங்க?"

இஸ்திரிப் பெட்டி மெல்ல மேடைமேல் இறங்கியது. தையல்காரம்மா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். உப்பை மட்டும் கையிலிருந்து விடவில்லை.

"கூட்டம் உன்கிட்ட சொல்லவே இல்லையா? ஒருநாள் நான் உப்பு கேட்டு இந்தக் கதவைத் திறந்தேன். வெறும் உப்புக்குத்தான், உன்னை மாதிரி. உங்க தாத்தா அவ முடியைச் சுருட்டிப் பிடிச்சு, தலையை இந்த மேடையில மோதிட்டிருந்தாரு. என்னைப் பாத்ததும் கையை எடுத்துட்டு 'வாங்க வாங்க'ன்னு பல்லைக் காட்டினாரு. கடையில கத்தி வீசின அந்த ஒரு நாளைத் தவிர மூணாம் மனுஷங்க முன்னாடி கை நீட்ட மாட்டாரு, அப்படி ஒரு கௌரவம். நான் உக்காந்தேன். அவரு கிளம்பிக் கடைக்குப் போறவரைக்கும் எழுந்திரிக்கல. மறுநாள் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கு, ஜன்னல் வழியா அவ குரல் வருது. 'உப்பு இருக்கா?' நான் புரிஞ்சுக்கிட்டேன்."

"அப்புறம் நாங்க எல்லாரும் புரிஞ்சுக்கிட்டோம்" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "வெறுங்கையோட போக முடியுமா? ஆளுக்கு ஒரு கை உப்போட போவோம். அவ ஜாடியில போட்டு வைப்பா. அதுலதான் ஆளுங்களச் சேத்தா. ஆலயத்துல, கடையில, சாவு வீட்டுல. யாரு வீடு எங்க, யாரு குரல் கேட்டா ஓடி வருவான்னு பாத்துப் பாத்துச் சேத்தா. அவளா கலகலப்பு? வந்தப்ப ஊமை. உசிரு பயத்துல பேசக் கத்துக்கிட்டா."

"அப்புறம் பழகிடுச்சு. நிறுத்த முடியல" என்றாள் டீச்சர்.

"தாத்தா தோள்ல கறி விழுந்ததா சொல்வாங்களே..."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் இருமினாள்.

"அன்னிக்கு அவரு கௌரவம் போயிடுச்சு" என்றாள் தையல்காரம்மா. "வந்த என்னையே அறைஞ்சாரு. இந்தப் பல் ரெண்டும் அப்பப் போனதுதான். கையில இருந்த உப்பை அவரு கண்ணுல அடிச்சேன். இவ இஸ்திரிப் பெட்டிய எடுத்தா. டீச்சர் நாற்காலியத் தூக்கினா. உங்க பாட்டி எங்களை விலக்கி விடுவான்னு நெனச்சோம். விலக்கினா. விலக்கிட்டு, எலும்பு உடைக்கிற சுத்தியல எடுத்துத் தோள்ல ஒண்ணே ஒண்ணு போட்டா. எங்க போட்டா எழுந்திரிக்காதுன்னு அவளுக்குத்தான் தெரியும், கறிக்கடைக்காரி."

"ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கும் வந்தா" என்றாள் டீச்சர். "புதுசா வெளுத்த துணி கட்டிக்கிட்டு."

பேத்தி அடுப்பை அணைத்தாள். கை தானாகப் போய் அணைத்தது. அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது வேறு ஒரு குரல். வீட்ல உப்பு இருக்கா கண்ணு? வாராவாரம், ஸ்பீக்கரில், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவன் மூக்குக்கு நேரே பாட்டி கேட்டிருக்கிறாள். வாராவாரம் இவளும் பதில் சொல்லியிருக்கிறாள். இருக்கு பாட்டி. நிறைய இருக்கு, வை.

"கூட்டம் போறதுக்கு முன்னாடி எங்க மூணு பேரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டுத்தான் போனா" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "எம் பேத்தி கேக்கவே மாட்டேங்கறா, கேட்டா ஓடுங்கடின்னு."

நடையில் காலடிச் சத்தம். கணவன் உள்ளே வந்தான். கிழவிகளைப் பார்த்ததும் முகத்தில் கார் விற்கும் சிரிப்பு ஏறியது.

"என்ன பாட்டிங்களா, இங்க மாநாடா? கொஞ்சம் வெளியில உக்காருங்களேன். நாங்க கிளம்பணும், இவகூட ரெண்டு வார்த்தை பேசணும்."

ஒருத்தியும் அசையவில்லை. தையல்காரம்மா அவனைப் பார்க்கவே இல்லை. பேத்தியைத்தான் பார்த்தாள்.

"உப்பு இருக்கா கண்ணு?"

அவன் கண்ணை உருட்டிக்கொண்டான். குடும்பத்தோடு பைத்தியம்.

பேத்தி வாயைத் திறந்தாள். இருக்கு என்ற சொல் பழக்கத்தில் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"இல்ல பாட்டி" என்றாள். "தீந்துபோய் ரொம்ப நாளாச்சு."

"கடையில வாங்கிக்கலாம்டி, கிளம்பு" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் அடுப்பு மேடையை இன்னொரு கையால் பற்றிக்கொண்டாள். அவன் இழுத்தான். அவள் வரவில்லை. அவன் முகத்திலிருந்து சிரிப்பு கழன்றது. கிழவிகள்தானே, யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுழற்றினான். அவள் வாய் அலமாரி விளிம்பில் மோதி உதடு கிழிந்தது. ரத்தம் தாடையில் வழிந்தது.

அதற்கு மேல் அவனால் எதையும் பார்க்க முடியவில்லை. தையல்காரம்மாவின் முஷ்டி அவன் முகத்துக்கு நேரே திறந்தது. அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு அலற, இஸ்திரிப் பெட்டி அவன் பாதத்தில் நங்கென்று இறங்கியது. டீச்சர் உப்பு டப்பாவால் மண்டையில் தட்டினாள். டப்பாதான் உடைந்தது. அவன் குருட்டுத்தனமாகக் கையை வீசினான், அது பட்டு டீச்சர் சுவரோரம் சரிந்தாள். அப்போது பேத்தி சூப் கரண்டியை எடுத்தாள். இரும்புக் கரண்டி, பாட்டியின் கரண்டி. தினமும் எலும்பைப் பார்க்கிறவளுக்கு எங்கே போட வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் காறை எலும்பு, ஒல்லியானது, ஓர் அடிக்குப் போய்விடும். ஓங்கிப் போட்டாள். காய்ந்த குச்சி ஒடிவது போலச் சத்தம் வந்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

பெரிய மாமா ஓடி வந்து நிலைப்படியில் நின்றார். மாப்பிள்ளை தரையில். மருமகள் வாயில் ரத்தம். டீச்சரைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கும் இரண்டு கிழவிகள். தரை முழுக்க உப்பு. அந்தத் தரையில் அப்படி உப்பு சிதறிக் கிடந்ததை அவர் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார், சின்ன வயதில். அன்று அவர் அப்பா கிடந்த அதே இடம். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"போலீசக் கூப்பிடுங்க!" என்று அவன் முனகினான். "மாமா, இந்தக் கிழவிங்க..."

மாமாவுக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. பேத்தியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். கன்றிப்போன முழங்கையைப் பார்த்தார்.

"காலையில கேட்டியேமா" என்றார். "அதுக்குத்தான் கேட்டியா?"

அவள் தலையசைத்தாள்.

அவர் குனிந்து அவன் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்தார். வெளியே போய், காரின் பின்பக்கம் திறந்து, அவள் துணிப்பெட்டியை எடுத்து வந்து பாட்டியின் கட்டில்மேல் வைத்தார். சாவியை அவன் மடியில் போட்டார். "பின்வாசல் வழியா போ. போலீசுக்குப் போறதுன்னா போ, நாங்களும் வர்றோம். இவ எக்ஸ்ரே எல்லாம் ஆஸ்பத்திரியில பத்திரமா இருக்கும்" என்றார். அவன் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு போனான். காறை எலும்பு போனவன் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது என்று பேத்தி நினைத்துக்கொண்டாள். சொல்லவில்லை.

வெளியே பெஞ்சுகள் அமைதியாகிவிட்டிருந்தன. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா சத்தம்?" என்றார் அன்று எலும்பு வாங்க வந்தவர்.

மாமா முன்வாசலில் நின்று கையைத் துண்டில் துடைத்தார்.

"ஒண்ணுமில்ல. மாப்பிள்ளை மேல கறி விழுந்துடுச்சு."

"கறியா? இன்னிக்குக் கடைதான் லீவாச்சே!"

"அதான் விழுந்துடுச்சு" என்றார் மாமா.

ஒரு நொடி ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு முன்வரிசையில் ஒரு வயதான குரல் கெக்கலித்தது, அடுத்தது பக்கத்தில், அப்படியே பெஞ்சு பெஞ்சாகப் போனது.

ஆனால் அந்தச் சண்டையில் இஸ்திரிக்காரம்மாவின் கிண்ணம் மொத்தமும் பாத்திரத்துக்குள் கவிழ்ந்திருந்தது. பேத்தி கிழிந்த உதட்டோடு ஊற்றிக் கொடுத்த சூப் வாயில் வைக்க முடியாத உப்பு. விவரம் தெரிந்தவர்கள் இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தார்கள்.